முதல் நாள் வேலையென்றாலும் தொழிலாளிதான்

வாசகர் கேள்வி பதில்

உணவகங்களிலும் கல்யாணப் பந்திகளிலும் பகுதி நேரமாகவும் தினக்கூலியாகவும் வேலை செய்யும் இளைஞர்களின் பாதுகாப்பைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெற்றோர் எழுதியவை. அவற்றிலிருந்து ஆறு கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர்களை வெளியிடவில்லை.

என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வயது 19. முகூர்த்த நாட்களில் நண்பர்களோடு கேட்டரிங் வேலைக்குப் போய் பந்தியில் பரிமாறுவான். போன மாதம் ஒரு மண்டபத்தில் சாம்பார் வாளியோடு வழுக்கி விழுந்து, இடது தொடையிலிருந்து முழங்கால் வரை வெந்துவிட்டது. ஏஜென்ட் ஆயிரம் ரூபாய் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். மருத்துவமனையில் கேட்டால் வீட்டில் கொட்டிக்கொண்டதாகச் சொல்லச் சொன்னாராம், இவனும் அப்படியே சொல்லிவிட்டான். "கவனமில்லாமல் நடந்ததற்கு நான் என்ன செய்வேன்" என்கிறார் ஏஜென்ட். ஒருநாள் கூலிக்குப் போனவனுக்கு எந்த உரிமையும் கிடையாதா?
ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

அம்மா, உரிமை உண்டு. ஏஜென்ட் சொன்ன "கவனமில்லாமல்" என்ற சொல்லுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையில் ஏற்படும் காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. தொழிலாளி கவனக்குறைவாக இருந்தாரா என்ற கேள்வியை அந்தச் சட்டம் எழுப்புவதே இல்லை. குடித்திருந்தது, பாதுகாப்புக்கென்று தெளிவாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியது ஆகியவற்றை மட்டுமே முதலாளி மறுப்பாகச் சொல்ல முடியும். மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டுவிட்டால் அவற்றையும் சொல்ல முடியாது. கழுவிய தண்ணீர் தேங்கிய தரையில் கொதிக்கும் வாளியோடு ஓடவிட்ட ஒருவர், வழுக்கி விழுந்தவனைப் பார்த்துக் கவனமில்லை என்று சொல்வதை இந்தச் சட்டம் ஏற்காது. தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்த நான்கு புதிய சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இழப்பீட்டு விதிகள் அவற்றில் ஒன்றான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துள்ளன; அவற்றின் சாரம் மாறவில்லை.

அடுத்தது "ஒருநாள் கூலி". தற்காலிகமாக வேலை செய்பவர்களைத் தொழிலாளி என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருந்த சொற்கள் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நீக்கப்பட்டுவிட்டன. ஒரு மாதம்கூட முழுதாக வேலை செய்யாதவருக்குச் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது: அதே வேலையை அதே முதலாளியிடமோ அதே வட்டாரத்திலோ செய்யும் மற்றவர் மாதத்துக்கு என்ன ஈட்டுகிறாரோ அதை அளவாகக் கொள்வார்கள். உங்கள் மகனை வேலைக்கு அழைத்துக் கூலி கொடுத்தவர் கேட்டரிங் ஒப்பந்தக்காரர்தான், ஆகவே பொறுப்பு அவருடையது. இடையில் ஆள் சேர்த்துவிட்ட ஏஜென்ட் வேறொருவராக இருந்தாலும், சமையலும் பரிமாறுதலும் அந்த ஒப்பந்தக்காரரின் தொழில் என்பதால் அவர் கைகழுவ முடியாது. கல்யாண வீட்டாரை இதில் இழுக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு அது தொழில் இல்லை.

கிடைக்கக்கூடியவை இரண்டு. காயத்துக்கான சிகிச்சைச் செலவை முதலாளி முழுதாகத் தர வேண்டும், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வேலை செய்ய முடியாமல் படுத்திருக்கும் காலத்துக்கு, ஒவ்வொரு அரை மாதத்துக்கும் மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் என்ற கணக்கில் தொகை உண்டு. தோல் இறுகி முழங்காலை மடக்க முடியாமல் போனால் அது நிரந்தரப் பகுதி ஊனமாகக் கணக்கிடப்படும், அப்போது தொகை வேறு. விண்ணப்பம் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அதன் இலவசத் தொலைபேசி எண் 15100.

உங்கள் வழக்கின் பலவீனமான இடம், மருத்துவமனையில் சொன்ன பொய். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் இரண்டு வரிதான் பின்னால் முதல் சாட்சியாகிறது. ஏ.ஆர். காப்பி என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். எங்கே, எப்படி, யாரிடம் வேலை செய்யும்போது காயம் பட்டது என்பதை மருத்துவரிடம் அன்றே உண்மையாகச் சொல்லியிருந்தால் மற்ற எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் வழி அடைந்துவிடவில்லை. ஏஜென்ட் வேலைக்கு அழைத்த வாட்ஸ்அப் செய்தி, முன்பு கூலி அனுப்பிய ஜிபே பதிவு, கூட வேலை செய்த நண்பர்களின் வாக்குமூலம் ஆகியவை சாட்சிகள். இன்னொன்றும் இருக்கிறது, பலர் அதை நினைப்பதில்லை. கல்யாண வீடியோவில் பந்தியைப் படம் பிடித்திருப்பார்கள். சீருடையோடு உங்கள் மகன் அதில் வாளி தூக்கிக்கொண்டு வருவான். அந்த வீட்டாரிடம் பணிவாகக் கேட்டு ஒரு பிரதி வாங்குங்கள்.

இனி வேலைக்குப் போகும் எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் சில வார்த்தைகள். பந்தியில் பரிமாறுபவர்களுக்கு ரசத்தைவிடச் சாம்பாரும், சாம்பாரைவிடப் பாயசமும் ஆபத்தானவை. ரசம் தோலில் பட்டவுடன் வழிந்து ஓடிவிடும்; பருப்பும் எண்ணெயும் சேர்ந்த சாம்பார் ஒட்டிக்கொள்ளும்; வெல்லமும் ஜவ்வரிசியும் கலந்த பாயசம் பசையாகப் பிடித்துக்கொண்டு ஆழமாக வேகவைத்துவிடும். வாளியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. அண்டாவை ஒருவராக நகர்த்தக் கூடாது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ஈரத் தரையில் நடக்கக் கூடாது. கேட்டரிங்காரர்கள் கொடுக்கும் மலிவான பாலியெஸ்டர் சட்டையும் கால்சட்டையும் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், உள்ளே பருத்தித் துணி போட்டுக்கொள்வது நல்லது.

வெந்துவிட்டால் உடனே குழாயடிக்குப் போய், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். நம்மில் யாருமே 20 நிமிடம் நிற்பதில்லை, இரண்டு நிமிடத்தில் எரிச்சல் அடங்கியது என்று நகர்ந்துவிடுகிறோம். மேல்தோல் ஆறிய பிறகும் உள்ளே சூடு வேலை செய்துகொண்டே இருக்கும், அதை அடக்கத்தான் அத்தனை நேரம். மோதிரம், காப்பு, கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். துணி தோலில் ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்கக் கூடாது. பற்பசை, பேனா மை, மஞ்சள், இட்லி மாவு, ஐஸ் கட்டி எதையும் வைக்கக் கூடாது. அவை புண்ணைக் கெடுப்பதோடு, காயம் எவ்வளவு ஆழம் என்பதை மருத்துவர் பார்க்க முடியாமலும் செய்துவிடும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு ஆகிய இடங்களில் பட்ட காயம் சிறியதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 16 வயது. கோடை விடுமுறையில் ஒரு பரோட்டா கடையில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். மாலை 4 மணிக்குப் போனால் நள்ளிரவு 12 மணிக்கு வருகிறான். இது சட்டப்படி சரியா?
வாசகர், விருதுநகர்

சரியில்லை. 14 வயது நிரம்பாத குழந்தைகளை உணவகங்களிலும் சாலையோர தாபாக்களிலும் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதலே தடை செய்யப்பட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு, வீட்டுத் தொழிலுக்கும் கலைத்துறைக்கும் உள்ள சில விலக்குகளைத் தவிர, அந்த வயதினருக்கு எல்லா வேலைகளுமே தடைதான். 14 முதல் 18 வயதுக்கு உட்பட்ட வளரிளம் பருவத்தினர் அபாயகரமானவை அல்லாத வேலைகளைச் செய்யலாம். ஆனால் கடுமையான நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. இரவு 7 மணிக்குப் பிறகும் காலை 8 மணிக்கு முன்பும் அவர்களை வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை இருக்கக் கூடாது, இடையே ஒரு மணி நேர ஓய்வு வேண்டும். ஓய்வும் காத்திருக்கும் நேரமும் சேர்த்து ஒரு நாளில் மொத்தம் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மிகைநேர வேலை அறவே கூடாது.

பரோட்டாக் கடை சூடு பிடிப்பதே 7 மணிக்குத்தான். முகூர்த்தச் சமையல் தொடங்குவது அதிகாலை 3 மணிக்கு. ஆகவே 18 வயது நிரம்பாத ஒருவரை இந்த இரண்டு வேலைகளுக்கும் சட்டத்தை மீறாமல் பயன்படுத்த முடியாது என்பதே நடைமுறை உண்மை. முதலில் பையனின் பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். பேச்சு பயன்படாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

நான் 14 பேர் வேலை செய்யும் சைவ உணவகம் நடத்துகிறேன். அவர்களில் 6 பேர் தினக்கூலிப் பையன்கள், பாதிப் பேர் வடமாநிலத்தவர். இரண்டு மாதம் இருப்பார்கள், போய்விடுவார்கள். இப்படி வந்து போகிறவர்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பது? இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவுக்கு 8 பேர்தான் கணக்கு என்று என் கணக்காளர் சொல்கிறார். போன வாரம் ஒரு பையன் கிரைண்டரில் விரலைக் கொடுத்துவிட்டான், நல்லவேளையாக நகத்தோடு போயிற்று. அதன் பிறகு எனக்கு உறக்கமில்லை.
உணவக உரிமையாளர், கரூர்

ஐயா, உறக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

இரண்டு மாதத்தில் போய்விடுகிறவனுக்குப் பயிற்சி எதற்கு என்ற எண்ணம் இத்துறையில் பலரிடம் இருக்கிறது. உண்மையில் அவனுக்குத்தான் முதலில் பயிற்சி வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில்தான் காயங்கள் மிக அதிகம் என்பதைக் கனடாவில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அது எந்த நாட்டுச் சமையலறைக்கும் பொருந்தும். பத்து வருடம் நின்ற மாஸ்டருக்கு எந்த அடுப்பின் கைப்பிடி சுடும், எந்த இடத்தில் தரை வழுக்கும், எந்த சுவிட்சைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும் என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியும். புதிய பையனுக்குத் தெரியாது. கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்பார்கள் என்று கேட்கவும் மாட்டான். அவனிடம் அந்தக் கூச்சம் இருப்பதை மனதில் வைத்தே நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

முதல் நாள் அரை மணி நேரம் போதும். வகுப்பு எடுக்க வேண்டாம், நடந்து காட்டுங்கள். கேஸ் எங்கே மூடுவது, மெயின் சுவிட்ச் எங்கே, தீயணைப்பான் எங்கே, பின்வாசல் எங்கே என்று இந்த நான்கு இடங்களுக்கும் அழைத்துப் போய் அவன் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். தமிழ் தெரியாத பையனுக்கு அவன் மொழி பேசும் இன்னொருவனை வைத்துச் சொல்லுங்கள், புரிந்ததா என்று கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். முதல் இரண்டு வாரம் அவனை ஒரு மூத்தவரோடு இணைத்துவிடுங்கள். கிரைண்டர், எண்ணெய்ச் சட்டி, கொதிக்கும் அண்டா ஆகிய மூன்றின் பக்கமும் அதுவரை தனியாக விடாதீர்கள்.

கிரைண்டரைப் பற்றி ஒன்று. ஓடும் கிரைண்டரில் மாவைக் கையால் தள்ளிவிடும் பழக்கம் நம் ஊரில் வீட்டிலிருந்தே வருகிறது. வீட்டு கிரைண்டர் மன்னிக்கும், உணவகத்தின் பெரிய கிரைண்டர் மன்னிக்காது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, கழுவுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும், ஏனென்றால் இவன் கை உள்ளே இருக்கும்போது இன்னொருவன் சுவிட்சைப் போட்டுவிடுவான். கையில் கட்டிய சாமிக்கயிறும் தொங்கும் சட்டைக் கையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பையனுக்கு ஆள்காட்டி விரல் முழுதும் போயிருந்தால் சட்டம் அதை 14 சதவீத ஊனமாகக் கணக்கிடும். வயது 19, மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சம்பளத்தில் 60 சதவீதமான 7,200 ரூபாயை அந்த வயதுக்குரிய 225.22 என்ற காரணியால் பெருக்கி, அதில் 14 சதவீதம் எடுப்பார்கள். சுமார் 2,27,000 ரூபாய் வரும். பயமுறுத்துவதற்காக இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. ஒரு 19 வயதுப் பையனின் ஆள்காட்டி விரலுக்குச் சட்டம் போட்டிருக்கும் விலை அவ்வளவுதான் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

உங்கள் கணக்காளர் சொன்னது தவறு. இ.எஸ்.ஐ.க்கு ஆட்களை எண்ணும்போது தினக்கூலிக்காரர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். 10 பேர் இருந்தாலே பதிவு செய்ய வேண்டும் என்ற வரம்பை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இதில் வருவார்கள். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். பையனின் பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். இதற்குப் பதிலாக, வேலையில் காயம்பட்டால் முதல் நாளிலிருந்தே சிகிச்சையும், வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதமும் இ.எஸ்.ஐ. தரும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலைக் காயத்துக்குக் கிடையாது. வேலைக்கு வந்த முதல் நாள் அடிபட்டவனுக்கும் உண்டு. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ வேலையின் தொடர்பாக நேரும் விபத்தும் இதில் அடங்கும். பதிவு செய்யாத முதலாளியின் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. பலனைக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள முடியும். பதிவு செய்துவிட்டால் மேலே சொன்ன 2,27,000 ரூபாய் உங்கள் தலையில் விழாது. 10 பேருக்குக் குறைவாக வைத்து நடத்துபவர்கள் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்துக்கொள்ளலாம்.

இனி தீ. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் பயந்துபோன புதியவன் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். தண்ணீர் விழுந்த மாத்திரத்தில் ஆவியாகி எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, சட்டியை இரும்பு மூடியால் மூட வேண்டும். அந்த மூடி எப்போதும் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே தொங்க வேண்டும். எண்ணெய்த் தீக்கென்று தனி தீயணைப்பான் இருக்கிறது, விற்பவரிடம் சமையலறைக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு பரவி சாக்கடைப் பள்ளத்தில் தங்கும். வாசனை வந்தால் விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டரை மூடிவிட்டு, கதவு சன்னல்களைத் திறந்து எல்லாரும் வெளியே வந்து, எரிவாயுக் கசிவு உதவி எண்ணான 1906-க்கு அழைக்க வேண்டும். 19 கிலோ சிலிண்டர்களைச் சமையலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

கடைசியாக, நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் ஒன்று. 2025 டிசம்பரில் கோவாவின் அர்போராவில் ஓர் இரவு விடுதி தீப்பிடித்து 25 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பான்மையோர் சுற்றுலாப் பயணிகள் இல்லை, அங்கே வேலை செய்த பிள்ளைகள். வேறு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். விருந்தினர் வரும் வாசல் அகலமாக இருக்கும், சமையலறைக்குப் போகும் வழி ஒடுக்கமாக இருக்கும். நம் ஊர் உணவகங்களில் பின்வாசலைச் சரக்குத் திருட்டுக்குப் பயந்து பூட்டி வைக்கிறார்கள், அல்லது காலி எண்ணெய் டின்களையும் வெங்காய மூட்டையையும் அங்கே அடுக்குகிறார்கள். மாடியில் பையன்களைப் படுக்க வைத்துவிட்டுக் கீழே ஷட்டரை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போகும் வழக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கடையில் அப்படி இருந்தால், தயவுசெய்து, இந்த இதழைக் கீழே வைத்தவுடன் அந்தப் பூட்டைக் கழற்றிவிடுங்கள். மற்றப் பயிற்சிகளை நாளைக்குத் தொடங்கலாம்.

இனிப்புக் கடை கவுண்டரில் நிற்கிறேன். பத்து மணி நேரம் உட்கார விடுவதில்லை. கால் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. கேட்கலாமா?
வாசகி, திருநெல்வேலி

தாராளமாகக் கேட்கலாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஊழியர்கள் எல்லாருக்கும் பொருத்தமான இருக்கை கொடுக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம். கேரளம் இதை 2018-லேயே கொண்டுவந்தது. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் கூட நிற்கும் பெண்களோடு சேர்ந்து கேளுங்கள். மறுத்தால் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிறேன். ஆறு மாதப் பயிற்சிக்காக ஒரு பெரிய விடுதிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரவுப் பணியில் ஒரு விருந்தினர் தினமும் அறைக்கு ஏதாவது கொண்டுவரச் சொல்லி அழைத்து, தகாத முறையில் பேசுகிறார். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "விருந்தினரைப் பகைக்க முடியாது, நீ பயிற்சிக்கு வந்தவள், அனுசரித்துப் போ" என்றார். புகார் செய்தால் சான்றிதழ் கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.
மாணவி, சென்னை

மகளே, உன் மேற்பார்வையாளர் சொன்ன இரண்டு காரணங்களையும் சட்டம் ஏற்பதில்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சிக்கு வந்தவர், தினக்கூலிக்காரர், சம்பளமே வாங்காதவர் எல்லாரையும் ஊழியர் என்றே சொல்கிறது. துன்புறுத்துபவர் சக ஊழியராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பணியிடத்துக்கு வந்து போகும் வெளியாட்களிடமிருந்தும் பெண்களைக் காக்கும் கடமையை அதே சட்டம் முதலாளியின் மேல் வைத்திருக்கிறது. விருந்தினர் அதற்கு விலக்கு இல்லை.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். தேதி, நேரம், அறை எண், அவர் சொன்ன சொற்கள், நீ மேற்பார்வையாளரிடம் சொன்ன நாள் எல்லாவற்றையும் இன்றே ஒரு தாளில் எழுதி வை. குழுவே இல்லையென்றால், அல்லது புகாரே முதலாளியின் மீது என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்; மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். விசாரணை முடியும் வரை வேறு பிரிவுக்கு மாற்றிக் கொடுக்குமாறும் நீ கேட்கலாம். அவசரமென்றால் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழை.

சான்றிதழைப் பற்றிய அச்சம் நியாயமானது. அதனால் புகாரின் பிரதியை உன் கல்லூரி முதல்வருக்கும் எழுத்தில் கொடு. உன்னை அங்கே அனுப்பியது கல்லூரி. உனக்கு நேர்வதில் அதற்கும் பொறுப்பு உண்டு, அதன் உள்ளகக் குழுவும் உன் பக்கம் நிற்க வேண்டும். குழு கூடும் வரை அந்த அறைக்குத் தனியாகப் போக மாட்டேன், துணைக்கு ஒருவரை அனுப்பினால்தான் போவேன் என்று சொல்லிவிடு. கல்லூரியில் இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பயிற்சிக்கு மாணவர்களை அனுப்பும் முன் அந்த விடுதியின் உள்ளகக் குழுவின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி மாணவிகளின் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

நெடுஞ்சாலையோர உணவகத்தில் கிளீனராக இருக்கிறேன். கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால் முதலாளி எங்களையே மூடியைத் திறந்து குச்சி விட்டுக் குத்தச் சொல்கிறார். போன முறை ஒருவரைப் பாதி இறங்கச் சொன்னார். மறுத்தால் வேலை போய்விடும்.
வாசகர், பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார்

தம்பி, இறங்காதே. பாதியும் இறங்காதே. கூட இருப்பவனையும் இறங்க விடாதே.

அந்தத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு தங்கியிருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றமில்லை, பரவாயில்லை என்று குனிகிறவன் ஓரிரு மூச்சில் மயங்கி உள்ளே விழுவான். அவனைத் தூக்கப் போகிற இரண்டாவது ஆளும், அவனைத் தூக்கப் போகிற மூன்றாவது ஆளும் அப்படியே விழுவார்கள். 2019 ஜூனில் குஜராத்தின் வடோதரா மாவட்டத்தில் தபோய் அருகே ஓர் உணவகத்தின் தொட்டியில் ஏழு பேர் இறந்தார்கள். நான்கு பேர் துப்புரவுப் பணியாளர்கள், மூன்று பேர் அந்த உணவகத்தின் ஊழியர்கள்.

கழிவுநீர்த் தொட்டியைப் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை வைத்துச் சுத்தம் செய்வது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இத்தகைய சாவுக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று நிர்ணயித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உன் முதலாளியிடம் சட்டம் பேசத் தயக்கமாக இருந்தால் இப்படிச் சொல்: "அண்ணே, லாரி கூப்பிட்டால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நாங்கள் இறங்கி ஏதாவது ஆகிவிட்டால் நீங்கள் ஜெயிலுக்குப் போவீர்கள்." கழிவுநீர் அகற்றும் லாரிக்கு 14420 என்ற எண்ணில் கேட்கலாம். அந்த எண்ணை சமையலறைச் சுவரில், எல்லாருக்கும் தெரியும் இடத்தில் எழுதி வை.

யாராவது விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதே. மூடியைத் திறந்தே விட்டுவிட்டு, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, தீயணைப்புத் துறைக்கு 101-லும் ஆம்புலன்சுக்கு 108-லும் அழை. மூச்சுக் கருவி போட்டவர் வந்து இறங்கும் வரை வெளியே நிற்பது மிகவும் கொடுமையாக இருக்கும், இருந்தாலும் வெளியே நில்.